உருக எடுக்கும் நேரம்

கனகராயன்குளத்தில் பஸ் ஏறிய பெண் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் கிளிநொச்சியில் பழைய அலுமினியத்தை உருக்கிச் சட்டி வார்க்கும் பட்டறைக்காரர். அது தெரிந்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணை, ஒரு கால் உருக எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"என்ன காலோ?"

"என்ர மனுசன்ர அலுமினியப் பொய்க்கால். பழசில வெடிப்பு விழுந்திட்டுதெண்டு போன கிழமைதான் புதுசு குடுத்தவை. இண்டைக்குக் காலமை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில பழைய சாமான் எடுக்க வந்தவனுக்குப் பழசெண்டு புதுசைக் குடுத்திட்டன். கிளிநொச்சிப் பட்டறைக்குத்தான் கொண்டு போறனெண்டவன்."

"ஐயோ தங்கச்சி! கண்ணை எங்க வைச்சனீ?"

"ரெண்டும் சாக்கில சுத்தித்தான் கட்டிலுக்குக் கீழ கிடந்தது. அலுமினியம் உருகக் கனநேரம் எடுக்கும்தானே?"

"மண்ணில இருந்து புதுசா எடுக்கத்தான் பிள்ளை கரண்டு கொட்டவேணும். பழசை உருக்க அதில கொஞ்ச நெருப்புப் போதும். அதாலதானே நாங்கள் பழசு தேடி அலையிறம்."

அவர் பட்டறைக்குப் போன் எடுத்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கால் ஒண்டு வந்ததாம். உருக்கி வார்த்தும் முடிஞ்சுதாம்."

அவள் கையிலிருந்த டிக்கட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள்.

"மனுசனுக்குத் தெரியுமோ?"

"இல்லை அண்ணை. நான் கிணத்தடியில தன்ர புதுக்காலைக் கழுவுறனெண்டு நினைச்சுக்கொண்டு கதிரையில இருக்கிறார்."