கடைசியாக உள்ளே போன பிள்ளை

சின்னப் பிள்ளைகளுக்கு விழா வைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைத்தான். சோடனை, இனிப்பு எல்லாம் பிறகு. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தாலும் மூத்திரம் வரும், பயம் வந்தாலும் மூத்திரம் வரும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மாதா கோவில்காரர் தந்திருந்த மண்டபத்தில் அது மாடியில் இருந்தது. அதனால்தான் விழாவை மாடியில் வைத்தேன். நீங்கள் நினைக்கிறதுபோல வேறு காரணம் இல்லை, ஐயா.

என் பெயர் அற்புதமலர். வகுப்பில் நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு மலர் அன்ரி. கனடாவுக்குப் போன என் கணவர் அங்கே வேறு குடும்பமாகிவிட்டார். எனக்குப் பிள்ளை இல்லை. வார நாட்களில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டில் பிள்ளை பார்க்கிறேன். ஹலோவீன் என்ற ஒன்றை அங்கேதான் கண்டேன். பூசணிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு இனிப்புக் கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் செய்து காட்டலாம் என்றேன்.

வகுப்புக்குப் பொறுப்பான ஞானரட்ணம் அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"சகல புனிதர் திருநாளுக்கு முதல்நாள் பேய் விளையாட்டோ, ரீச்சர்? குஞ்சுகுருமான் எல்லாம் பயந்திடுங்கள்."

"பயப்பிடாமல் இருக்கப் பழக்கத்தான் அண்ணை விளையாட்டு," என்றேன். அவர் ஓம் என்றுவிட்டார். பிள்ளைகள் விஷயத்தில் என் சொல்லை யாரும் தட்டுவதில்லை.

இனி டொறினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் நான் இருக்கிற கட்டடத்தில் என் கதவுக்கு எதிர்க் கதவு இராயப்புவின் வீடு. எண்பத்து நான்கில் அவர் இரண்டு வயது டொறினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கூட வந்த மனைவி இம்மாகுலேற்றை வழியில் ஒரு விமான நிலையத்தில் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இராயப்புவுக்கு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. வீடு திரும்பச் சாமம் ஆகும். பிள்ளையை நான் எடுத்தேன். காய்ச்சலுக்கு நான் முழித்தேன். பேன் பார்த்தேன். மத்தர்னெல் என்கிற பாலர் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கே வாசலில் அவள் என்னைக் காட்டி 'மமோ', அம்மா, என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். நான் திருத்தவில்லை.

மூன்று வருடம் கழித்து, இந்தக் கோடையில், இம்மாகுலேற் வந்து சேர்ந்தாள். மெலிந்த, அதிகம் பேசாத பெண். பிள்ளை அவளிடம் போகவில்லை. என் பாவாடைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. இம்மாகுலேற் என் கையைப் பிடித்து அழுதாள். "பிள்ளையை இப்பிடி வளர்த்துத் தந்திருக்கிறியள் அக்கா. உங்களை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்." வளர்த்துத் தந்ததாக அவள் நினைத்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் மூவரும் மெத்ரோ ரயிலில் வந்தோம். டொறின் என் பக்கத்தில் இருந்து எழும்பிப் போய் இம்மாகுலேற்றின் மடியில் ஏறித் தலையைச் சாய்த்தாள். "அம்மா, நித்திரை வருது," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மலர் அன்ரி, என்ரை பையைப் பிடியுங்கோ," என்றாள். பிடித்தேன்.

அன்றிலிருந்து அவளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். நான் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. பிள்ளைக்கு விளங்குகிற மாதிரித்தான் சொன்னேன்.

"உன்ரை உண்மையான அம்மாவைப் பிளேனிலை வரேக்கை பிடிச்சுப் போட்டாங்கள், தெரியும்தானே. அவ இன்னும் வரேல்லை. வந்திருக்கிறது வேறை ஒண்டு. அம்மாவின்ரை முகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்குது."

"வ்ரேமோன்?" என்று கேட்டாள். மெய்தானா என்று.

"ஓம். பேய்களின்ரை நாளிலை அது தன்ரை வேஷத்தோடை வரும். பிறகு அம்மாவின்ரை முகத்தைக் காட்டி 'வா' எண்டு கூப்பிடும். போனியோ, கொண்டுபோயிடும்."

"அப்பாட்டைச் சொல்லட்டோ?"

"சொன்னால் அப்பாவையும் கொண்டுபோயிடும்."

அவள் சொல்லவில்லை. கெட்டிக்காரி. ஆனால் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். இம்மாகுலேற் என்னிடம்தான் வந்து யோசனை கேட்டாள். பிள்ளை திரும்பவும் தன்னைக் கண்டு ஒதுங்குகிறது, என்ன செய்யலாம் என்று.

"விழாவிலை நீரே பேயா வாரும்," என்றேன். "சின்ன அறைக்கை ஒவ்வொரு பிள்ளையா வரும். இனிப்புக் குடுத்து விடும். டொறின் வரேக்கை முகமூடியைக் கழட்டும். அம்மாதான் எண்டு கண்டவுடனை ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள். பேந்து ஒட்டினது ஒட்டினதுதான்."

அவள் முகம் மலர்ந்ததை நான் இப்போதும் நினைக்கிறேன். பழைய படுக்கை விரிப்பில் அங்கி தைத்தாள். கடதாசியில் முகமூடி செய்து, அதிகம் பயமாக இருக்கக்கூடாது என்று வாயைச் சிரிக்கிற மாதிரி வெட்டினாள்.

ரூ காய் தெருவில் குலசேகரத்தின் கடையில் பூசணிக்காய் வாங்கினேன். அவற்றை மாடியில் அந்தச் சின்ன அறையில் யன்னலை ஒட்டி, இருக்கிறதுக்குப் போட்டிருந்த மர வாங்கில் வரிசையாக வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். புகை போகட்டும் என்று யன்னலைத் திறந்துவிட்டேன். அதை நான் மறைக்கவில்லை. யன்னலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. யோசித்தது கதவைப் பற்றி மட்டும்தான்.

விழா நன்றாக நடந்தது. நீங்கள் எந்தத் தாய் தகப்பனையும் கேட்கலாம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய், சிரித்துக்கொண்டு, வாய் நிறைய இனிப்போடு வெளியே வந்தார்கள். டொறினைக் கடைசியாக விட்டேன். அவள் போகமாட்டேன் என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரித்து, உள்ளே அனுப்பி, கதவைச் சாத்திப் பூட்டில் திறப்பைத் திருப்பினேன். பாதியில் ஓடி வந்தால் விளையாட்டுக் கெட்டுவிடும் அல்லவா.

முதலில் இம்மாகுலேற்றின் குரல் கேட்டது. "டொறின், பயப்பிடாதை. பாரம்மா, இது அம்மா. வா, அம்மாட்டை வா."

நான் சொல்லி வைத்த சொல்லே அவள் வாயிலிருந்து வந்தது.

பிறகு பிள்ளை கதவில் அடித்தாள். "மலர் அன்ரி, திறவுங்கோ. மலர் அன்ரி." மண்டபத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. திறப்பு என் கையில்தான் இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு பூசணிக்காய் ஒன்று விழுந்து உடைகிற சத்தம். பிள்ளை யன்னலடி வாங்கில் ஏறியிருக்கிறாள். இம்மாகுலேற் எட்டிச் சட்டையைப் பிடித்திருக்கிறாள். அந்தக் கையைப் பிள்ளை கடித்திருக்கிறாள். கடித்த காயத்தை நீங்களே பார்த்தீர்கள். நான் கதவைத் திறந்தபோது அறைக்குள் இம்மாகுலேற் மட்டும் நின்றாள். கீழே முற்றத்தில் யாரோ பிரெஞ்சில் கத்தினார்கள்.

ஓம், ஐயா. பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான். இம்மாகுலேற்றுக்கு வேஷம் போட்டது நான். கதவைப் பூட்டியதும் நான். எல்லாவற்றையும் வாக்குமூலத்தில் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

டொறின் பிழைத்துக்கொண்டாள் என்று சொன்னீர்கள். இடுப்பு எலும்புக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, கண் திறந்துவிட்டாள், ஆனால் தாயை வாசலில் கண்டாலே வீரிட்டுக் கத்துகிறாள் என்றீர்கள். நான் வந்து, சொன்னதெல்லாம் பொய் என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று டாக்டர் கேட்கிறாராம். வருகிறேன். என்னைத் தவிர வேறு யார் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள்.

ஒன்றே ஒன்றுதான். நான் போகும்போது அந்தப் பெண் அங்கே நிற்கக்கூடாது, வாசலுக்கு வெளியேகூட. பிள்ளை அதைக் கண்டால் பயப்படும்.