இடம் வலமாகிய டிவி

புது டிவி வாங்கியிருக்கலாம், சார். என் மனைவி மேகலா அதைத்தான் சொன்னாள். ஆனால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு போர்டு மாற்ற மெக்கானிக் எதற்கு?

பழைய போர்டு புகைந்துவிட்டது. தஞ்சாவூரில் பழைய சாமான் கடையில் வேறொன்று கிடைத்தது. யூடியூப் பார்த்து நானே பொருத்தினேன். சத்தம் சரியாக வந்தது. படம் மட்டும் குளத்தில் விழும் நிழல்போலத் தலைகீழாக வந்தது. மெனுவுக்குள் போய் என்னென்னவோ அமுக்கினேன், மசியவில்லை. கடைசியில் டிவியையே தலைகீழாகச் சுவரில் மாட்டினேன். ஆட்கள் நேராக நின்றார்கள். இடம் மட்டும் வலமாகிவிட்டது, கண்ணாடியில் பார்ப்பதுபோல.

கிரிக்கெட் பார்க்க வந்த என் தம்பி ராஜராஜன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, டீம் முழுக்க நொட்டாங்கைக்காரனுங்க ஆடுறது உன் வீட்டு டிவியில மட்டுந்தாண்ணே. மெக்கானிக்கக் கூப்பிடேன்."

"ஓசியில பாக்குறவனுக்கு வாயி வேறயாடா?"

மேகலாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே டிவியில்தான் வயல் கேமராவும் ஓடும். நீடாமங்கலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் நிலம். நடுவில் வடிகால். கேமரா மாட்டியிருக்கும் மோட்டார் கொட்டகையில் நின்று பார்த்தால் இடக்கரை வயல் என்னுடையது, வலக்கரை வயல் தம்பியுடையது. கேமரா எதற்கு என்று கேட்டீர்கள். மயில் மேய்கிறது என்று மேகலாவிடம் சொன்னேன். உண்மையில் அவனைக் கவனிக்கத்தான். கூடப் பிறந்தவன் எப்போது மாறுவான் என்று யார் கண்டது?

ஐப்பசி அடைமழையில் வடிகால் தளும்பியது. என் நடவு பிந்தியது, பயிர் வேர்கூடப் பிடிக்கவில்லை. அவன் பயிர் முழங்கால் உயரம். இப்படிப்பட்ட நாளில் எந்தக் கரையை வெட்டுகிறோமோ அந்த வயலில் வெள்ளம் பாயும், எதிர் வயல் தப்பும். அடுத்தவன் கரையில் மண்வெட்டி வைப்பது எங்கள் பக்கம் கொலைக்குச் சமம்.

காலையில் காபியோடு டிவி முன் உட்கார்ந்தேன். ராஜராஜன் மழையில் நனைந்தபடி வந்தான். இடக்கரையை வெட்டினான்.

நான் எழுந்ததைப் பார்த்து மேகலா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, அதுல எல்லாமே மாறித்தானே தெரியும்? மாத்திப் பாருங்க."

தினமும் மனதுக்குள் மாற்றித்தான் பார்ப்பேன், சார். அன்றைக்கு மாற்றத் தோன்றவில்லை.

வயலுக்குப் போனேன். ராஜராஜன் வடிகாலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாண்ணே? என் கரையத்தான் வெட்டிவிட்டேன். என் பயிரு தாங்கிக்கும், உன்னுது பச்சப்புள்ள. கையக் குடு, ஏறிக்கிறேன்."

வெட்டிய இடத்தைப் பார்த்தாயா என்கிறீர்கள். இல்லை. வீட்டிலேயே பார்த்தாயிற்று, வயலில் எதற்கு இன்னொரு தரம்?

கையைக் கொடுத்தேன். பிறகு அவன் தலையில் கை வைத்தேன். தண்ணீர் அடங்கும்வரை எடுக்கவில்லை. சின்ன வயதில் அவனுக்கு நீச்சல் பழக்கியதும் நான்தான். மூச்சு எவ்வளவு நேரம் தாங்குவான் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் அதே படத்தைப் போட்டுக் காட்டினீர்கள். வலக்கரைதான். அவன் வயல்தான். மறுக்கவில்லை.

மழை விட்டுவிட்டதாமே. என் பயிர் தலை நிமிர்ந்து நிற்கும், அவனுடையது அழுகியிருக்கும். நாளை ஊரே அவனைத் தெய்வம் என்று சொல்லும், என்னைப் பாவி என்று சொல்லும். கூடப் பிறந்த அண்ணனை இப்படி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான், சார். இது துரோகம் இல்லாமல் வேறென்ன?