விசையில் வைத்த சந்தனம்

ஆக்லாந்து, பாபகூரா காவல் நிலையத்தில் 1987ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7ஆம் திகதி புதன்கிழமை, சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் திருமதி வேதவள்ளி தமிழிலேயே எழுதியது. இதே சாட்சி 3ஆம் திகதி கொடுத்த சிறிய வாக்குமூலத்துடன் இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

எனது பெயர் ரதிதேவி. கணவரின் பெயர் மகேசன். எனக்கு வயது முப்பத்தொன்று. பிறந்த இடம் யாழ்ப்பாணம், கோண்டாவில். இப்போது பாபகூரா ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மனுகாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் கொலர் தைக்கிறேன். பிள்ளைகள் இல்லை. என்னை யாரும் வற்புறுத்திக் கூட்டிவரவில்லை. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானாகவே வந்தேன். நான் துவக்கு என்று சொன்னபோது, "துப்பாக்கின்னு போட்டுக்கட்டுங்களா?" என்று வேதவள்ளி கேட்டார். அவர் மலேசியாக்காரர். சொன்னதைச் சொன்னபடி எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

எனக்கும் மகேசனுக்கும் 1983ஆம் ஆண்டு வைகாசியில் பேசிச் செய்த கல்யாணம் நடந்தது. இரண்டு மாதம் ஒன்றாக இருந்தோம். அதன் பிறகு நாட்டில் கலவரம் வந்தது, அவர் எங்கெங்கோ அலைந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார், எனக்கு விசா கிடைக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்தில் அவர் கசட்டில் கதைத்து அனுப்புவார். "ரதி, இஞ்சை இப்ப மழை பெய்யுது, சத்தம் கேக்குதோ?" என்று சொல்லிவிட்டு பதிகிற ரேடியோவை ஜன்னல் பக்கம் பிடிப்பார். அந்த மழையை நான் கசட் தேயுமட்டும் கேட்டிருக்கிறேன்.

இது இந்த விசாரணைக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்று சொன்னேன்.

இந்த வருடம் பெப்ரவரியில் நான் ஆக்லாந்துக்கு வந்தேன். என் கணவர் நல்லவர். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். ஆனால் கசட்டில் கதைத்த மனிதர் விமான நிலையத்துக்கு வரவில்லை. வந்தவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இஞ்சரும்" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்துப் புருஷன்மார் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மூன்று வருடம் பேரைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் பழக்கம் கெட்டுப்போயிற்று.

என் கணவர் ஒரு இயந்திரப் பட்டறையில் பிட்டராக வேலை செய்கிறார். அவருடன் வேலை செய்யும் கொலின் என்பவர் இவரை ஹுனுவா மலைக்காட்டுக்கு ஆடு சுடக் கூட்டிக்கொண்டு போவார். அதன் பிறகு என் கணவர் உரிமம் எடுத்து, சொந்தமாக ஒரு துவக்கு வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து குறை சொன்னார். அதன் விசை இறுக்கம், அழுத்தி இழுக்கிறபோது துவக்கே கொஞ்சம் அசைந்துவிடுகிறது, வெடி ஒரு சாண் வலப்பக்கம் போகிறது, விசையை இலேசாக்கினால் குறி தப்பாது என்றார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். ஒரு பெண்ணுடைய சாப்பாட்டு மேசையில் மூன்று மாதம் ஒரு பொருள் கிடந்தால் அவளுக்கு அது தெரியாமல் போகுமா?

பின்னேரம் வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, என்னுடைய வெள்ளித் தட்டத்தில் அந்தச் சின்னச் சின்ன உருப்படிகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவார். உள்ளே இரண்டு இரும்பு விளிம்புகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பிடி விட்டால்தான் வெடி போகும், பிடி எவ்வளவு மெல்லியதோ விசை அவ்வளவு இலேசு என்று எனக்குச் சொல்லித் தந்தார். பிறகு பூட்டி, நான் மீன் நிறுக்க வைத்திருந்த கொக்கித் தராசை விசையில் கொளுவி இழுத்துப் பார்ப்பார். பிறகு மறுபடி கழற்றுவார். அந்த விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு. நான் குசினியில் நின்று பார்ப்பேன். எனக்கு அந்த இரும்பின் மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

வேதவள்ளி பேனையை நிறுத்தி, "அக்கா, இதையுமா எழுதணும்?" என்று கேட்டார். ஓம், எழுதுங்கோ என்றேன்.

செப்டம்பர் 30ஆம் திகதி பின்னேரம் அவர் வேலையை முடித்தார். முடித்த சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டு, துவக்கில் தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, அதை என் தோளில் வைத்தார். பின்னால் நின்று என் விரலை எடுத்து விசையில் வைத்தார். அவருடைய நாடி என் தலைமயிரில் பட்டது. "இழுக்கப்படாது. நினைச்சால் போதும். விசை விழுறது உம்மடை விரலுக்கே தெரியக்கூடாது" என்று காதுக்குள் சொன்னார். அது கசட்டில் கேட்ட குரல். நான் விரலை அசைக்காமல் நின்றேன், அது விழாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் டிக் என்று விழுந்துவிட்டது. "பாத்தீரோ, எப்பிடி இருக்கெண்டு!" என்று சொல்லித் துவக்கை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆயுத பூசை. எங்கள் சனம் அன்றைக்குத் தொழில் செய்யும் சாமான்களைச் சாமிக்கு முன் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவார்கள். விஜயதசமி வரைக்கும் அவற்றை எடுக்க மாட்டார்கள். இது ஆயுதத்தை வணங்குகிற சமயமா என்று அதிகாரி கேட்டார். இல்லை, கத்தரிக்கோலையும் வைப்போம், புத்தகத்தையும் வைப்போம், நான் என் தையல் மெஷினைத் தூக்கி வைத்தேன் என்று விளக்கினேன். என் கணவர் தன் அரங்களையும் சுத்தியலையும் வைத்துவிட்டு, துவக்கையும் கொண்டுவந்து வைத்தார். தோட்டா பெட்டகத்தில் பூட்டி இருந்தது.

சந்தனம் ஊரிலிருந்து நான் கொண்டுவந்த கட்டையில் உரைத்தது. கல் கொண்டுவர விமானத்தில் நிறை விடவில்லை. ஆகவே பின்வாசல் கொங்கிரீட் படியைக் கழுவி, அதில் உரைத்தேன். அதில் மணல்போலப் பொடிப் பரல் இருந்திருக்கும். மற்றச் சாமான்களுக்குப் பொட்டு வைத்ததைப் போலத் துவக்கின் கட்டையிலும் ஒரு பொட்டு வைத்தேன். அதன் பிறகு என் கணவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், விரல் நிறையச் சந்தனம் எடுத்து விசையில் பூசினேன். முன்பக்கம், பின்பக்கம், மேலே அது உள்ளே போகிற இடுக்குவரைக்கும் பூசினேன். ஏன் அந்த இடத்தில் பூசினீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவருடைய விரல் படுகிற இடம் அது. அதனால் பூசினேன். வேறு காரணம் இல்லை.

2ஆம் திகதி வெள்ளிக்கிழமை விஜயதசமி. பின்னேரம் அவர் துவக்கை எடுத்து, வெளியே தெரிந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தார். காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. "இஞ்சரும், தராசை ஒருக்கால் தாரும், நாளைக்குக் கொண்டு போக முதல் இன்னொருக்கால் கழட்டிப் பாப்பம்" என்றார். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். "காணும் காணும், மூண்டு மாசமாப் பாத்தது போதாதே? ஆறமுதல் சாப்பிட வாங்கோ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த மூன்று மாதத்தில் மேசையில் துவக்கு இல்லாமல் அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாளைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வாருமன்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

3ஆம் திகதி சனிக்கிழமை காலை கொலின் தன் வாகனத்தில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு, ஹுனுவாப் பக்கம் தன் மச்சானுடைய பண்ணைக்குப் போனார். குறி பார்க்க ஒரு மேட்டில் மட்டை கட்டினார்கள். நான் ஐஸ்கிரீம் பெட்டியில் இடியப்பமும் சம்பலும் கொண்டுபோய், புல்லில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். முதல் வெடியைக் கொலின்தான் வைக்க வேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். கொலின் துவக்கின் வாயை நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, தோட்டாவைப் போட்டு மூடினார். மூடிய கையோடு வெடித்தது. தோட்டா ஒரு கல்லில் பட்டு, கல் சிதறி, பக்கத்தில் நின்ற என் கணவரின் இடது கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கொலினுடைய சுட்டுவிரல் விசையிலிருந்து விலகி நீட்டியபடி இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். போன முறை இதை நான் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது என்னால் ஒன்றுமே சொல்ல முடியவில்லை.

நான் ஓடினேன். என் கணவர் நிலத்தில் கிடந்தபடி, "ரதி! ரதி, ஒண்டுமில்லை, பயப்பிடாதையும்" என்றார். எட்டு மாதத்தில் முதல்முறையாக என் பேர் சொன்னார். அவருடைய இரத்தம் என் சேலையெல்லாம் ஊறிக்கொண்டிருந்தபோது நான் அதை நினைத்தேன். கடவுளே, அந்த நேரத்திலும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் என் கையை விடவில்லை. வெட்டிக் கழிக்க வேண்டியதில்லை, கால் தப்பிவிட்டது என்று டாக்டர் சொன்னார். விசையை அளவுக்கு மிஞ்சி இலேசாக்கியது தன் பிழை, கொலினில் குற்றமில்லை என்று என் கணவர் பொலிசுக்குச் சொன்னார். கொலினோ, விசை அவ்வளவு இலேசு என்றால் தனக்குத் தெரியாமல் விரல் பட்டிருக்கலாம் என்று தன்மேல் போட்டுக்கொண்டார். அதன் பிறகு என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதார். "ரதி, என்ரை கை வேலை பிழைச்சுப் போச்சு. இனி நான் அதைத் தொடவும் மாட்டன். பட்டறைக்கும் எந்த முகத்தோடை போறது? நீர் மட்டும் பக்கத்திலை இரும், காணும்" என்றார்.

5ஆம் திகதி திங்கட்கிழமை ஒரு கான்ஸ்டபிள் வேதவள்ளியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துவக்கின் விசையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பரல் கலந்த மஞ்சள் மண் இருந்தது, பண்ணை மண்ணாக இருக்கலாம் என்று சொல்லி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைக் காட்டினார். நான் அதை வாங்கித் திறந்து மூக்கருகில் வைத்து மணந்து பார்த்தேன். மணந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவர் கண்டது மண் அல்ல. தெரியாது என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அது பொய். அன்றைக்கும் மறுநாளும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்று கேட்டால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவர் "ரதி வந்திட்டீரே" என்று கையை நீட்டினார். கசட்டில் கதைத்த மனிதர் அங்கே அந்தக் கட்டிலில் படுத்திருந்தார். நான் பேசாமல் இருந்தால் உரிமத்தை எடுத்துவிடுவார்கள், துவக்கு திரும்பி வராது, அவர் என்னோடு இருப்பார். அதுதான் நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் நேற்றுப் பின்னேரம் நர்ஸ் கொடுத்த கரண்டியை அவரால் நேராகப் பிடிக்க முடியவில்லை. கையில் காயம் ஒன்றும் இல்லை. கை பயப்பட்டுப்போயிற்று. அந்தக் கையைத்தான் நான் விரும்பினேன். அதை இப்படி வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆகவே இன்று காலை இங்கே வருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் பூசியதைச் சொன்னேன், படியில் உரைத்ததைச் சொன்னேன், தராசு கேட்டபோது சாப்பிடக் கூப்பிட்டதையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை.

"அப்ப என்ரை வேலை பிழையில்லையோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு எழும்பி உட்கார்ந்தார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒரு மயிரிழை இடைவெளிக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். அந்தக் கை நடுங்கவில்லை. "இவ்வளவுதான் பிடி. இதுக்குள்ளை ஒரு பரல் போனால் பிடிக்குமே? பிடியாது! இஞ்சரும், கொலினுக்குச் சொன்னனீரோ? கெதியா அவருக்குச் சொல்லும்" என்றார்.

சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெடி வெடித்ததற்குக் காரணம் கொலினுடைய விரலும் அல்ல, என் கணவரின் வேலையும் அல்ல, நான் வைத்த சந்தனம். இதற்கு என்ன தண்டனையோ அது எனக்கு. துவக்கை அவரிடம் திருப்பிக் கொடுப்பதானால் உள்ளே நன்றாகத் துடைத்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வேதவள்ளி முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். எதையாவது எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார். ஒன்றையும் எடுக்க வேண்டாம் என்றேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது, நான் சொன்னது, உண்மை.

(ஒப்பம்) ரதிதேவி மகேசன்

எழுதி வாசித்துக் காட்டியவர்: வேதவள்ளி, த்ரீ கிங்ஸ், ஆக்லாந்து