பாதி உயர்ந்த கைகளையும் எண்ணுங்கள்

சங்கத் தலைவராய் நடுவே வீற்றிருக்கும் குவாக் தே-சிக் அவர்களே, விடியுமுன்னே மீன் வெட்டும் வீரமங்கையரே, குழம்பையும் குடும்பத்தையும் கொதி குறையாமல் காக்கும் தாய்மார்களே, மூட்டை சுமந்தே முதுகு வளைந்த பெரியவர்களே! உங்களுக்கெல்லாம் சோற்றுத் தட்டு சுமந்து வரும் தாக் மால்-சுன் தலை தாழ்த்தி வணங்குகிறேன். வணங்கும்போது கையை ஏன் தூக்கவில்லை என்கிறீர்களா? பொறுங்கள், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் புசான் சந்தையில் என் தலையை அறியாதவர் யார்? அடுக்கடுக்காய்த் தட்டு, ஆவி பறக்கும் சூப், அருகே கிம்ச்சி ஊறுகாய். தலை தாங்கும், வலக்கை மேலே பிடித்துக்கொள்ளும். ஈராண்டுக்கு முந்தைய குளிர்காலத்தில் அந்தக் கை மேலே போக மறுத்தது. முதலில் வலித்தது, பிறகு இறுகியது. உள்ளாடைக் கொக்கி மாட்ட முடியவில்லை. சிரிக்காதீர்கள், நாளை உங்கள் கொக்கி.

"கை வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன், மால்-சுன்" என்றார் சாப்பாட்டுக்கடை முதலாளி. சோறு சுமந்தவளுக்குச் சோறு போய்விடும் நிலை.

பெண்கள் கூடிக் குளிக்கும் பொதுக் குளியல் கூடத்தில் சொல்லி அழுதேன். நம் நாட்டில் இதற்கு 'ஐம்பதின் தோள்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் வைத்ததோடு வைத்தியமும் முடிந்ததா?

"ஐம்பது தாண்டிட்டே இல்ல, வராம என்ன செய்யும்? அதுவா போயிடும்டி" என்றார் மீன்கடை போக்-நாம் அக்கா.

"போற வரைக்கும் தட்டை யாருக்கா தூக்குறது?"

"கையைக் குடு. ஒரே இழுப்புல சரி பண்றேன்."

இழுத்தார். என் அலறலில் வெந்நீர்த் தொட்டியே காலியானது. மறுநாள் கை இடுப்புக்கு மேலே வரவில்லை. அதோ, முன்வரிசையில் தலை குனிகிறார். குனியாதீர்கள் அக்கா, அன்பால்தான் இழுத்தீர்கள்.

மருத்துவர் என் கையைத் தானே தூக்கிப் பார்த்தார். அவர் தூக்கியும் எழவில்லை. மூட்டைச் சுற்றிய உறை தடித்து இறுகிவிட்டதாம். சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார், மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார், மி-கியோங் என்ற இயன்முறைப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்.

"யாரையும் இழுக்க விடாதீங்கம்மா. ஒத்தடம் குடுத்துட்டு, சுவத்துல விரலை நடக்க விடுங்க. லேசா வலிச்சா பரவாயில்ல, உயிர் போற மாதிரி வலிச்சா நிறுத்திடுங்க. எல்லாத் தோள்வலியும் இது இல்ல. தசைநார் கிழிஞ்சாலும் வலிக்கும், அதுக்கு வைத்தியமே வேற" என்றார் அந்தப் பெண்.

நடந்தது விரல். நாள்தோறும் நடந்தது. நம் சந்தைத் தூணில் நடந்தது. "தூணுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறியா?" என்று கேட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஒரு வருடம் போனது. முதலாளி முணுமுணுத்தார், நான் விடவில்லை. தட்டு மீண்டும் என் தலைக்கு வந்தது.

அந்த மி-கியோங் வாரம் ஒருநாள் இங்கு வந்து நம் தோள்களைப் பார்க்கட்டும், மாடியில் சும்மா கிடக்கும் அறையைக் கொடுங்கள் என்று சென்ற கூட்டத்தில் கேட்டேன். "ஆதரிப்போர் கை உயர்த்துங்கள்" என்றார் தலைவர். எழுந்த கைகள் சொற்பம். தீர்மானம் தோற்றது. ஆத்திரத்தோடு போக்-நாம் அக்காவிடம் போனேன்.

"நீங்ககூடவா தூக்கலை?"

"தூக்கத்தான்டி பாத்தேன். எனக்கும் தோள் போச்சு."

"இன்னொரு கை என்ன பண்ணுச்சு?"

"அதாலதான் இதைத் தாங்கிப் பிடிச்சிட்டிருந்தேன்."

கேட்டீர்களா தலைவர் அவர்களே? அன்று மடியில் கிடந்த கைகள் மறுத்த கைகளா? வலியில் மடங்கிய கைகள் அல்லவா? யாருக்காகக் கேட்டோமோ, அவர்களையே எதிரிகள் என்று எண்ணிவிட்டோமே!

இன்று மீண்டும் கேட்கிறேன். கிடைக்கும்வரை கேட்பேன். எவ்வளவு எழுமோ அவ்வளவு தூக்குங்கள். மார்புவரை வந்தாலும் கைதான், இடுப்புவரை வந்தாலும் கைதான். தலைவரே, ஒலிவாங்கியை நீங்களும் இடக்கைக்கு மாற்றியதைப் பார்த்துவிட்டேன். வெட்கம் வேண்டாம், உங்கள் கையும் கணக்கில் உண்டு.

இதோ என் வலக்கை, முழுதாய் எழுகிறது. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு இந்தக் கையாலேயே நன்றி, வணக்கம். இது இறங்காது. நீங்கள் எண்ணி முடிக்கும்வரை இப்படியே நிற்கிறேன்.