எல்லோரும் என் அறைக்கு வந்த வாரம்

நாற்காலியில் முதுகு சரியாகச் சாய்ந்தாலே பாதி அலுப்பு போய்விடும் சார். உங்கள் ஸ்டேஷன் நாற்காலிகளைப் பார்த்ததும் அதுதான் தோன்றியது. தொழில் புத்தி.

அட்டைப்பெட்டி ஆலையில் ஒன்பது வருடம் நலன் அதிகாரி நான். வேலை செய்கிறவர்களின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சுவருக்கு வெளிர்பச்சை அடித்தது, பிறந்தநாளுக்கு ஒலிபெருக்கியில் வாழ்த்துச் சொன்னது, சிறந்த தொழிலாளி என்று மாதம் ஒரு படம் மாட்டியது எல்லாம் என் யோசனை. கைதட்டச் சொன்னால் தட்டுவார்கள். சொன்னால்தான்.

பிறகு பசை ஒட்டும் பிரிவுக்கு ஒரு பெண் வந்தாள். வாயாடி என்று பெயர் வைத்தார்கள். மேலாளரைப் போல நடந்து காட்டுவாள். கூடமே வயிறு வலிக்கச் சிரிக்கும். உம்மணாமூஞ்சி மெக்கானிக் கூடச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இடம்பிடித்து வைப்பார். லீவு போடுகிறவர்கள் குறைந்தார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“ஆளுங்க முகத்துல ஒரு களை வந்திருக்கே.”

“நம்ம முயற்சிதான் சார்.”

“அந்தப் பொண்ணாலன்னு சொல்றாங்க. எப்படின்னு அவகிட்டக் கொஞ்சம் கேட்டுக்குங்களேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. மதியம் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

வெட்டும் இயந்திரத்துக்குள் கை போனால் அது தானாக நின்றுவிடும். அந்த வாரம் அந்த அமைப்பு பழுது. ‘ஓட்டக் கூடாது’ என்று சிவப்பு அட்டை கட்டிவிட்டு, மெக்கானிக் உதிரிபாகம் வாங்கப் போயிருந்தார். அவர்மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அட்டையைக் கழற்றியது நான்.

“வெட்டுற மிஷின்ல இன்னைக்கு ஆள் இல்லம்மா. ஒரு மணி நேரம் பார்த்துக்கிறியா?”

“நீங்க சொன்னா சரிக்கா.”

என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு நான் மேடம்.

நான்கு விரல்கள். வலது கை.

ஒன்பது வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத என் அறையில் அடுத்த வாரம் பூராவும் உட்கார இடமில்லை. என் தோளில் சாய்ந்து அழுதார்கள். ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை அந்த ஆலை பார்த்ததே இல்லை.

அவளைப் பார்க்க எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிப்போனேன். அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

“இனிமே யாரும் என்னைக் கைகாரின்னு சொல்ல முடியாதுல்ல?”

கண்ணீரோடு எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றவர்களைத் தாண்டி நான் எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். யாருக்கும் அவளைப் பிடிக்காமல் இருந்திருந்தால், அவளுக்காக அழ யாரும் என் அறைக்கு வந்திருக்க மாட்டார்களே; அப்போது அவள்மேல் ஒரு தூசி பட விட்டிருப்பேனா நான்?