ஆத்துல முங்கினது

— அவரு கேட்டா உண்மையத்தான் சொல்லுவேங்க. என்னைய வேற எதுவும் சொல்லச் சொல்லாதீங்க.

— கத்தாதே தாமரை. விசாரணைக்கு வந்த ஆபீசரு டீக்கடையிலதான் உக்காந்திருக்காரு. அடுத்தது நம்ம வீடு.

— வரட்டும்.

— வந்து, நீங்க கிறிஸ்தவங்களான்னு உன்னையத்தான் கேப்பாராம். ஆமான்னா நம்ம பொண்ணு இசைவாணிக்குக் கெடச்ச வேலை போயிரும். இந்து எஸ்.சி.ன்னு காட்டி வாங்குன வேலை. எவனோ மொட்டைப் பெட்டிசன் போட்டுட்டான்.

— ஞாயித்துக்கிழமை திருவிருந்து வாங்குற வாயிங்க இது. சத்தியம் ஒன்னுதான், ஆளுக்கு ஆள் மாறாதுன்னு பாஸ்டர் சொன்னப்ப நீங்களும்தானே ஆமென் போட்டீங்க?

— போட்டேன். ஆனா ஞானஸ்நானம் எடுத்ததும் நாம அந்தச் சாதி இல்லேங்குது சட்டம். ஊர்த்தெருவுல நம்மள இன்னமும் எந்தப் பேரு சொல்லிக் கூப்புடுறான்? இதுல எது உண்மை, நீயே சொல்லு.

— தெரியலைங்க. இயேசப்பா தன்னையே சத்தியம்னு சொன்னவரு. அவரைத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? பேதுரு அப்படிச் சொல்லிட்டுத்தானே அழுதான்?

— பேதுருவுக்கு வேலைக்குப் போற பொண்ணு இருந்துச்சா?

— விளையாடாதீங்க.

— நான் எங்க விளையாடுறேன்! சத்தியம்னா என்னன்னு பிலாத்து கேட்டப்ப இயேசப்பாவே பேசாமத்தானே நின்னாரு? நீயும் நில்லு.

— அவரு பேசாம நின்னாரு, சிலுவை கெடச்சுது. நான் நின்னா பொண்ணுக்கு வேலை. ரெண்டும் ஒன்னாங்க?

— மச்சான்! தங்கச்சி! உள்ளதானே இருக்கீங்க?

— வாங்க ஐயாவு அண்ணே.

— கவலைய விடு தாயி. கோயில் நாட்டாமைன்னு என்னையத்தான் முதல்ல விசாரிச்சாரு. எங்க அம்மனுக்கு வருசா வருசம் இந்தத் தங்கச்சி பால்குடம் தூக்குதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்.

— ஐயோ அண்ணே! நான் ஞானஸ்நானம் எடுத்தப்ப வெண்ணாத்தங்கரையில என் மாத்துச்சேலைய வச்சுக்கிட்டு நின்னதே நீங்கதானே!

— அதையும் கேட்டாரு. ஆத்துல முங்கினதப் பாத்தேன்னேன். தண்ணி வந்தா இந்த ஊர்ல யாரு முங்கல?

— ஏங்க, நீங்க சிரிக்காதீங்க. அண்ணே, அது பொய்யில்லையா?

— நீ சேத்துல நின்னு நாத்து நட்டுப் படிக்க வச்ச பொண்ணு. அது பொய்யா? அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அந்த ஆளு மொகத்துல நம்பிக்கையே இல்ல. அதான், அம்மன் முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன். பொய்யின்னா என் குடும்பம் வௌங்காமப் போகட்டும்னு.

— ஏங்கண்ணே இப்படி? சூடத்த அணைச்சா ஒன்னும் ஆகாது. அதெல்லாம் சும்மா.

— உனக்குச் சும்மா. எனக்கு? மருமக மாசமா இருக்கா.

— தெரிஞ்சுமா பண்ணீங்க?

— வேற என்ன பண்ணச் சொல்ற? என்கிட்ட குடுக்க இருந்தது அதுதான்.

— ஏங்க, நான் இப்ப எதத்தாங்க சொல்லட்டும்?

— ஆபீசரு வந்துட்டாரு தாமரை. அந்தா, தெருமுனை திரும்பிட்டாரு.

— அண்ணே... மடியில கோயில் குங்குமம் வச்சிருப்பீங்கல்ல, கொஞ்சம் குடுங்க. எந்த வெரலால வைக்கிறது? மறந்தே போச்சு.