எல்மாவின் கழலை

எங்கள் வீட்டில் காலைக் காபி போடுவது எப்போதும் நான்தான். எல்மாவுக்குக் கடுங்கசப்பாக வேண்டும், பால் பேருக்குத்தான்.

என் மனைவியின் கழுத்தில் தைராய்டு கழலை, முடிச்சு முடிச்சாக. அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிர்ஸ்டி மாக்கி ஒரு காலத்தில் என்னிடம் வேதியியல் படித்தவள். படித்தவள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் தூக்கிவிட்டுத்தான் தேறினாள்.

"அயோடின் மட்டும் கொடுத்துடாதீங்க சார். இந்தக் கழலை அதைக் கண்டா வெறி புடிச்ச மாதிரி சுரக்கும். நெஞ்சு தாங்காது" என்றாள்.

மிச்சிகனின் இந்த வடகோடியில் அந்தக் காலத்து ஜனங்களுக்குக் கழுத்து வீங்கியதே அயோடின் இல்லாமல்தான். அது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? எல்மாவோ அவள் பேச்சைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் என் பேச்சைக் கேட்டவள். நான் அயோடின் சொட்டுமருந்தை வரவழைத்து, அவள் காபியில் விட ஆரம்பித்தேன்.

சில வாரங்களில் இளைத்துப்போனாள். கை நடுங்கியது. வெளியே பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்த்தாள்.

"ரெய்னோ, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. காபியில ஏதாவது கலக்குறியா?"

"பாலு."

"இரும்பு வாடை அடிக்குதே."

"உன் நாக்கு செத்துப்போச்சு. போய் உன் டாக்டரம்மாவக் கேளு."

"கோச்சுக்காதப்பா. நான்தான் ஏதோ உளர்றேன்" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தாள்.

மறுநாள் சொட்டுகளைக் கூட்டினேன். மருந்து பிடிக்கும்போது உடம்பு முரண்டு பண்ணத்தான் செய்யும்.

மார்ச்சில் சமையலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. இதயம் தாறுமாறாக ஓடியது. கிர்ஸ்டி என் தோளைத் தொட்டாள்.

"சார், அயோடின் எதுவும் உள்ள போச்சா? சொட்டோ, கடல்பாசி மாத்திரையோ, எதுவானாலும் சொல்லுங்க. இன்னும் வழி இருக்கு."

விடையை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு கேட்கும் முகம். அந்த மக்கு என்னைத் திருத்துவதை என்னால் சகிக்க முடியவில்லை.

"இல்லை" என்றேன்.

மாலைக்குள் எல்மா போய்விட்டாள்.

நீங்கள் கண்டெடுத்த குப்பி என்னுடையதுதான், அதிகாரி. விட்டதும் நான், மறைத்ததும் நான். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இன்னும் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருந்தால் கழலை கரைந்திருக்கும். எல்மாவுக்கு எதிலுமே பொறுமை கிடையாது.